சுளகு

தாத்தா வந்திருக்கிறார் என்பது முதலில் என் மூக்குக்குத்தான் தெரியும். காலையில் விழிப்புத் தட்டும்போதே பட்டாசலில் டீசல் எண்ணெயும் லைபாய் சோப்பும் சுருட்டுப் புகையும் கலந்த ஒரு வாடை நின்றுகொண்டிருக்கும். அதற்கு அடியில் மெல்லிசாகக் கிராம்பு, பேரீச்சம்பழம், பிரிக்காத நைலக்ஸ் துணி. நான் கண்ணைத் திறக்காமலே படுத்திருப்பேன். திறந்தால் அவரைப் பார்க்க வேண்டும், பார்த்தால் பக்கத்தில் போக வேண்டும், போனால் அந்தச் சொரசொரத்த கன்னத்தில் முத்தம் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, சில சமயம் அதற்கும் பிந்தி வருகிற ஒரு பெரிய மனுஷரை உடனே தாத்தா என்று கூப்பிட ஒரு பிள்ளைக்கு எப்படி வாய் வரும், நீங்களே சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் ஆச்சியின் சேலைக்குப் பின்னால் நின்றுதான் அவரைப் பார்ப்பேன். அவரும் என்னை அப்படித்தான் பார்ப்பார், ஓரக்கண்ணால். மூன்றாம் நாள் யாராவது ஒருவர் தோற்போம். பெரும்பாலும் நான்தான், ஏனென்றால் டிரங்குப் பெட்டியின் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

அந்தப் பெட்டி திறக்கிற அன்று தெருவே எங்கள் வீட்டில் இருக்கும். தூத்துக்குடியில் மாதா கோயிலுக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. வீட்டுக்கு ஒரு ஆள் கடலுக்குப் போகிறவர்தான், ஆனால் வள்ளத்தில் போகிறவர் அன்றன்றைக்கு மீனோடு வருவார், தோணியில் போகிறவர் கொழும்புக்கோ மாலத்தீவுக்கோ போய் மாசிக்கருவாட்டோடு வருவார், பெட்டியோடு வருகிறவர் எங்கள் தாத்தா ஒருவர்தான். சிங்கப்பூர்க் கோடாலித் தைலம் எதிர்வீட்டுப் பாட்டிக்கு, கேமே சோப்பு சித்திக்கு, பஸ்ரா பேரீச்சை தட்டில் வைத்து எல்லாருக்கும். எனக்கு ஒரு தடவை காந்தம் வைத்து மூடுகிற ஜப்பான் பென்சில் பெட்டி வந்தது. அதைத் திறந்து மூடுகிற சத்தத்துக்காகவே ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்குச் சந்தோஷமாகப் போனேன்.

அங்கேதான் வினை வந்தது. உங்க தாத்தா கப்பலில் என்ன வேலை பார்க்கிறார் என்று வகுப்பில் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனசில்லாமல், கேப்டன் என்று சொல்லிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். வெள்ளைத் தொப்பி, தூரக்கண்ணாடி, புயலில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் தூங்காமல் நின்றது என்று ஒரு மதியம் முழுக்க அளந்தேன். பென்சில் பெட்டி கையில் இருந்ததால் எல்லாரும் நம்பினார்கள். அடுத்த விடுப்பில் தாத்தா கைலியும் முண்டா பனியனுமாகத் தெருமுனைக் கடையில் பீடிக்கட்டு வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்த என் பெஞ்சுக்காரன் ஒருவன் நேராக அவரிடமே போய், நீங்க கேப்டனா என்று கேட்டுவிட்டான். அவருக்குக் காது மந்தம். மூன்று தடவை கேட்க வைத்து, கடைசியில் தெருவே அதிரச் சிரித்தார். ராத்திரி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்: "கேப்டன் மேல இருப்பாரு மக்கா. நான் வயித்துக்குள்ள. வயித்துக்குள்ள இருக்கிறவனுக்குக் கடல் எங்க தெரியுது? உங்க ஆச்சி பாத்த கடல்கூட நான் பாத்திருக்க மாட்டேன்."

அது உண்மைதான் என்று பிறகு புரிந்தது. அவர் இன்ஜின் ரூம்காரர். முதலில் ஆக்வாலா, அதாவது கொதிகலனுக்குத் தீ போடுகிறவர். பிறகு நிலக்கரிக் கப்பல்கள் ஒழிந்து மோட்டார்க் கப்பல்கள் வந்ததும் தேல்வாலா, இன்ஜினுக்கு எண்ணெய் விடுகிறவர். பம்பாயில் கப்பல் ஏறுகிறவர்களுக்கு இப்படி ஒரு தனிப் பாஷை உண்டு. மேஸ்திரிக்குச் சாரங்கு, அவருக்கு அடுத்தவர் டிண்டல், சமையல்காரர் பண்டாரி. டிண்டல் என்பது நம் தோணிக்காரர்கள் சொல்கிற தண்டல்தான், வெள்ளைக்காரன் வாயில் போய் அப்படி ஆகிவிட்டது என்று தாத்தா அடித்துச் சொல்வார். தோணி ஓட்டுகிற தண்டல்கள் சொந்தக்காரர்களாக நாலைந்து பேர் இருந்ததால் எங்களுக்கும் அதில் ஒரு பெருமை.

இன்ஜின் ரூம் அவரிடமிருந்து காதை எடுத்துக்கொண்டு கையைக் கொடுத்திருந்தது. கீழே அந்த இரைச்சலில் யாரும் பேச மாட்டார்களாம், எல்லாம் கை ஜாடை. வீட்டுக்கு வந்தாலும் அதேதான். சோறு போதும் என்றால் உள்ளங்கையைத் தரையைப் பார்த்து ஒரு வெட்டு. இன்னும் கொஞ்சம் குழம்பு என்றால் விரலை மேல்நோக்கி ஒரு சுழற்று. ஆச்சிக்குக் கோபம் வரப்போகிறது என்று எங்களுக்கு எச்சரிக்கை கொடுக்க இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக வைப்பார். அவர் வந்து பத்து நாளைக்குள் நாங்கள் எல்லாரும் ஊமைப்படம் மாதிரி ஆகிவிடுவோம். ஓடுகிற இன்ஜினில் மேலும் கீழும் போய்வருகிற இரும்பைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டி, தாங்கி சூடேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது தேல்வாலாவின் வேலைகளில் ஒன்று. கொஞ்சம் பிசகினால் விரல் போய்விடும். அந்தப் புறங்கையை என் நெற்றியில் வைத்து, "நூத்தி ஒண்ணு" என்பார். டாக்டர் வீட்டில் கம்பவுண்டர் தெர்மாமீட்டரை உதறி வைத்து எடுத்துப் பார்த்தால் நூற்றொன்று இருக்கும், அல்லது ஒரு புள்ளி முன்னே பின்னே. சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு பிடி காட்டன் வேஸ்ட் வைத்திருப்பார். கையில் எண்ணெய் இல்லாதபோதும் அதை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே இருப்பார். கோயிலில் பூசை நடக்கும்போதுகூட.

வீட்டை அவர் கப்பலாக்கப் பார்த்ததற்குச் சாட்சி எங்கள் தண்ணீர்த் தொட்டி. தூத்துக்குடியில் தண்ணீர்க் கஷ்டம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வர வேண்டும், அது நினைத்தபோதுதான் வரும். ஒரு விடுப்பில் அவர் புறவாசல் சிமெண்டுத் தொட்டிக்குள் இறங்கி, உள்சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வட்டம், அதைக் குறுக்கே வெட்டி ஒரு கோடு, பக்கத்தில் ஏணிப்படி மாதிரி ஆறு சின்னக் கோடுகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்து எழுதினார். எல்லாச் சரக்குக் கப்பலின் விலாவிலும் இந்தக் குறி இருக்குமாம். அந்தக் காலத்தில் முதலாளிமார் பேராசைப்பட்டுக் கப்பலை அளவுக்கு மீறி ஏற்றி அனுப்புவார்கள், இன்ஷூரன்ஸ் பணம் அவர்களுக்கு வந்துவிடும், முங்கிச் சாகிறவன் கப்பல்காரன். பிளிம்சால் என்று ஒரு மனுஷர் பார்லிமெண்டில் கத்திக் கூப்பாடு போட்டு, 1876-ல் சட்டம் கொண்டுவந்து, இந்தக் கோட்டைப் போட வைத்தார். இந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறுகிற அளவுக்குச் சரக்கு ஏற்றக் கூடாது. நல்ல தண்ணீரில் கப்பல் கொஞ்சம் கூடுதலாக அமுங்கும், அதற்கு ஒரு கோடு; நம் பக்கத்து வெப்பக் கடலுக்கு ஒரு கோடு; கோடைக்கு, குளிர்காலத்துக்கு ஒவ்வொன்று; எல்லாவற்றுக்கும் அடியில், குளிர்காலத்து வட அட்லாண்டிக்குக்கு ஒரு கோடு. அங்கே அலை அப்படி, அதனால் சரக்கு இருப்பதிலேயே குறைவாகத்தான் ஏற்றலாம். பிளிம்சால் பெயரைச் சொல்லும்போது தாத்தா குரலில் எங்கள் பங்குச்சாமியார் புனிதர்களைப் பற்றிச் சொல்கிற மரியாதை இருக்கும்.

தொட்டியில் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் எந்தக் கோட்டுக்கு இறங்கினால் எதை நிறுத்த வேண்டும் என்று சட்டம். கோடைக்கோட்டுக்குக் கீழே போனால் துணி துவைப்பது கிடையாது, குளிர்காலக் கோட்டுக்குப் போனால் அரை வாளிக் குளியல், வட அட்லாண்டிக்குக்கு வந்துவிட்டால் குடிக்க மட்டும். ஆச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுவிட்டு, "தொட்டியில தண்ணி இல்லன்னு எனக்குத் தெரியாதாக்கும், இதுக்கு அட்லாண்டிக்கு வந்து சொல்லணுமா" என்றாள். ஆனால் அவர் கப்பலுக்குப் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரி ஒரு குடம் தண்ணீர் கேட்டு வந்தபோது, ஆச்சி தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "அட்லாண்டிக்குல நிக்குது தாயி, நாளைக்கு வா" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

ஆச்சி திருநெல்வேலியைத் தாண்டிப் போனவள் இல்லை. எழுதப் படிக்கவும் கொஞ்சம்தான். ஆனால் சூயஸ் கால்வாய் பற்றி எங்கள் புவியியல் வாத்தியாரைவிட அவளுக்கு அக்கறை அதிகம். 1967 சண்டையில் கால்வாய் அடைபட்டபோது நான் கைக்குழந்தை. அதற்கப்புறம் எட்டு வருஷம் ஐரோப்பாவுக்குப் போகிற கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போக வேண்டும். போக ஒரு இரண்டு வாரம், வர ஒரு இரண்டு வாரம் கூடுதலாக என்று ஆச்சி கணக்கு வைத்திருந்தாள். தென்னாப்பிரிக்காவோடு இந்தியா 1946-லேயே வியாபாரத்தை முறித்துக்கொண்டிருந்ததால் தாத்தாவின் கப்பல் அங்கே ஒதுங்காமல், மேசை மாதிரி உச்சி தட்டையான ஒரு மலையைத் தூரத்தில் பார்த்துக்கொண்டே கடந்து போகுமாம். அந்த மலையைப் பார்ப்பதற்காகத் தம் வாட்ச் முடிந்து மேலே ஏறி வருவாராம், அவர் கடல் பார்த்த சில சமயங்களில் அது ஒன்று.

எனக்கு அதைவிடப் பிடித்தது கால்வாய்க்குள் மாட்டிக்கொண்ட பதினாலு கப்பல்களின் கதை. சண்டை தொடங்கியபோது உள்ளே போய்க்கொண்டிருந்தவை, கசப்பு ஏரி என்ற இடத்தில் நங்கூரம் போட்டு எட்டு வருஷம் அப்படியே நின்றன. பாலைவனக் காற்றில் மணல் வந்து தளத்தில் படிந்து படிந்து எல்லாம் மஞ்சளாகிவிட்டன. அந்தக் கப்பல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, சொந்தமாகத் தபால்தலை வரைந்து, 1968-ல் தங்களுக்குள் ஒலிம்பிக்ஸ் கூட நடத்தினார்களாம். எந்தத் துறைமுகத்திலோ யாரோ சொல்லிக் கேட்டதை வந்து அவர் சொன்னார். நான் நம்பவில்லை. கேப்டன் கதை அளந்தவன் அல்லவா, எல்லாரும் அப்படித்தான் என்று நினைத்தேன். எல்லாம் உண்மை என்று பல வருஷம் கழித்துப் படித்தபோது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. 1975 ஜூனில் கால்வாய் திறந்த செய்தி ரேடியோவில் வந்தது. ஆச்சி அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து, "சூயசைத் திறந்துட்டானாம்" என்று, யாரோ மாமன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி தெருவுக்கே சொன்னாள். அன்றைக்கு ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் வழக்கமாகக் கடலில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிற ஒரு பரலோக மந்திரத்தோடு இன்னொன்று சேர்த்துச் சொன்னாள். எகிப்துக்காரனுக்காக இருக்கும்.

மாதாமாதம் அலாட்மெண்ட் பணம் வரும். கப்பல்காரர் சம்பளத்தில் ஒரு பகுதியை நேராக வீட்டுக்கு அனுப்புகிற ஏற்பாடு அது. தபால்காரரிடம் பணம் வாங்கும்போது ஆச்சி முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொள்வாள். பணத்தோடு தாத்தாவே வருகிற மாதிரி. அதை நாங்கள் கேலி செய்வோம், அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

இத்தனை கதை சொன்னவர் ஒன்றைப் பற்றி மட்டும் பேச மாட்டார். கப்பல் கம்பெனிகளுக்கு முன்னால் அவர் ராயல் இந்தியன் நேவியில் இருந்தார். இரண்டாம் உலகப் போரில், இருபது இருபத்தொரு வயதில் சேர்ந்து, ஸ்டோக்கராக இருந்தவர். பர்மாவில் அரக்கான் கரையோரம் சண்டை நடந்தபோது அங்கே இருந்திருக்கிறார். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரைக் கேட்டால், "மேல பீரங்கி வெடிக்கும்லே, கீழ எங்க தலையில பெயிண்டு உதிரும். அவ்வளவுதான்" என்பார். போர் என்றால் தலையில் பெயிண்ட் உதிர்வது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருநாள் பட்டத்துக்கு வால் தேடிப் பெட்டியின் அடியைத் துழாவியபோது இரண்டு துண்டு ரிப்பன் கிடைத்தது. ஒன்றில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று பட்டை சமமாக. இன்னொன்று கருநீலத்தின் நடுவில் சிவப்பும் இருபுறமும் ஆரஞ்சுக் கோடுமாக. பட்டுத்துணி மாதிரி பளபளப்பு. இரண்டையும் முடிச்சுப் போட்டு வாலாகக் கட்டிக் கடற்கரையில் கொண்டல் காற்றில் விட்டேன். தாத்தா வந்து பக்கத்தில் நின்றார். கையை நெற்றியில் வைத்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் உதறல். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நூலைத் தம் கையில் வாங்கி, இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, திரும்ப என்னிடமே கொடுத்தார். அவை போரில் இருந்தவர்களுக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களின் ரிப்பன்கள், இரண்டாவது பர்மா ஸ்டாருடையது என்று எனக்குத் தெரிந்தபோது முப்பது வயது தாண்டிவிட்டது. ரிப்பன்தான் முதலில் கொடுப்பார்கள், பதக்கம் பின்னால் வரும். எங்கள் வீட்டுக்குப் பதக்கம் வரவில்லை. அவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எண்பதுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் கடைசியாக இறங்கி வீட்டுக்கே வந்துவிட்டார். அதற்குள் ஊருக்குப் புதுத் துறைமுகம் வந்து, முன்பெல்லாம் சில மைல் தள்ளி நின்று படகுகளில் சரக்கு இறக்கிய பெரிய கப்பல்கள் கரையை ஒட்டியே வந்து கட்ட ஆரம்பித்திருந்தன. வாழ்நாளெல்லாம் பம்பாய்க்கு ரயில் ஏறிப் போய்க் கப்பல் பிடித்தவர், ஊருக்குக் கப்பல் வந்த காலத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா என்று சொல்வதும் தப்பு. அவருடையது நாலு எட்டு வாட்ச், காலை நாலிலிருந்து எட்டு, மறுபடி சாயங்காலம் நாலிலிருந்து எட்டு. முப்பது வருஷத்துப் பழக்கம், உடம்பு கேட்கவில்லை. மூன்றரைக்கு எழுந்துவிடுவார். தாமே கடுங்காப்பி போட்டுக்கொள்வார். பாத்திரச் சத்தம் அவருக்குக் கேட்காது, எங்களுக்குக் கேட்கும். விளக்கைப் போட்டு, தரையில் சம்மணம் கொட்டி உட்கார்ந்து, ஆச்சியின் சுளகை மடியில் வைத்து, அன்றைக்குக் குழம்புக்கான துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்க ஆரம்பிப்பார்.

எனக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. அந்த ஆகிருதியான மனுஷர், கையெல்லாம் தீக்காய வடு, மடியில் சுளகை வைத்துக்கொண்டு பொம்பளை மாதிரி பருப்பு பார்ப்பது எனக்கு மானக்கேடாக இருந்தது. சிநேகிதர்கள் யாரும் அந்நேரத்தில் வர மாட்டார்கள் என்பதுதான் ஆறுதல். அவர் பார்க்கிற விதமும் சாதாரணம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பருப்பை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு விரலால் தள்ளிக்கொண்டே போவார், ஒவ்வொரு பருப்பையும் பெயர் சொல்லி வரிசையில் கூப்பிடுகிற மாதிரி. கல் அகப்பட்டால் எடுத்துப் பக்கத்தில் தரையில் வைப்பார். எல்லாம் முடிந்ததும் கற்களை ஒரே வரிசையாக அடுக்கி, எண்ணி, எழுந்துபோய் நாள்காட்டித் தாளில் அன்றைய தேதிக்குக் கீழே பென்சிலால் எழுதுவார்: காற்று கொண்டல். தண்ணீர் வந்தது. கல் 7. காபிக்கு எழுந்துவரும் ஆச்சியிடமும் சத்தமாக அறிவிப்பார்: "ஏளா, இன்னைக்கு ஏழு." ஆச்சி தலையாட்டுவாள், இன்ஜினியர் தலையாட்டுகிற மாதிரி. நாள் முடிந்ததும் மற்ற வீடுகளில் தாளைக் கிழித்துப் போடுவார்கள். எங்கள் வீட்டில் வருஷம் வருஷமாகக் கட்டி மச்சில் போட்டு வைத்திருந்தோம்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு நூலகத்தில் ஒரு மத்தியானம், வேறு எதையோ தேடப்போன இடத்தில், 1946 பம்பாய்க் கடற்படை எழுச்சி பற்றி ஒரு புத்தகம் அகப்பட்டது. பிப்ரவரி 18 காலை, பம்பாயில் தல்வார் என்ற சிக்னல் பயிற்சித் தளத்தில், கீழ்நிலை மாலுமிகள் சாப்பிட மறுத்தார்கள். சோறில்லை என்றால் வேலையில்லை என்று கிளம்பினார்கள். வசவு, பாகுபாடு, சம்பளம் என்று பல குறைகள் இருந்தன. ஆனால் அன்று காலை முதலில் வெடித்தது சாப்பாட்டில். பருப்பில் கல். சில நாட்களில் அது எழுபத்தெட்டுக் கப்பல்களுக்கும் இருபது கரைத்தளங்களுக்கும் இருபதாயிரம் பேருக்கும் பரவியது. பம்பாய் ஜனங்கள் கேட்வே பக்கம் சோறும் பழமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பட்டேலின் பேச்சைக் கேட்டு 23-ம் தேதி சரணடைந்தார்கள். பழிவாங்கல் இருக்காது என்று சொல்லப்பட்டது, ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் அவர்களைத் திரும்பச் சேர்க்கவில்லை. நான் அந்தப் பக்கத்தை இரண்டாம் தடவை படிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தாத்தா தார்சாவில் சாய்வுநாற்காலியில் இருந்தார். "தாத்தா, நீங்க அப்போ பம்பாயிலயா இருந்தீய?" என்று காதருகே கத்தினேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காட்டன் வேஸ்டை எடுத்து விரல்களைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக, பத்தும் முடிகிறவரை. அப்புறம் சொன்னார்: "தட்டைத் திருப்பிப் போட்டோம்லே. அவ்வளவுதான்." உள்ளங்கையைத் தரையைப் பார்த்து ஒரு வெட்டு. போதும். அதற்குமேல் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை, இன்றைக்கும் இருந்திருக்காது.

1994 மழைக்காலத்தில், மத்தியானத் தூக்கத்தில் போனார். தோணி கட்டுகிற ஓடாவி ஒருவர்தான் பெட்டி செய்தார், தாத்தாவுக்குச் சேக்காளி. சாதாரண ஆசாரி ஒரு மணிநேரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார், இவர் ராத்திரி முழுக்கப் பலகைக்குப் பலகை இழைத்துப் பொருத்தி, இடுக்கில் பஞ்சு திணித்து அடைக்க வேறு ஆரம்பித்துவிட்டார். யாரோ, "மாமா, இது தண்ணிக்குள்ளயா போகுது" என்று கேட்டார்கள். ஓடாவி நிமிராமலே, "எனக்கு வேற மாதிரி செய்யத் தெரியாது" என்றார். அழுதுகொண்டிருந்த வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அந்தக் கிராம்பு வாசம் இன்னும் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சி.டி.சி. புத்தகங்கள் இருந்தன. கப்பல்காரருக்கு அதுதான் எல்லாம்; ஏறிய கப்பல், ஏறின தேதி, இறங்கின தேதி, துறைமுகம், வேலை, நடத்தை எல்லாம் வரிசையாகப் பதிந்து முத்திரை குத்தியிருக்கும். நடத்தைக் கட்டத்தில் முப்பது வருஷமும் 'மிக நன்று' என்றே இங்கிலீஷில் முத்திரை. என்னுடைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளை அவர் ஏன் அப்படி உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் தன் தேதிகளை வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். விரல் நகர்ந்துகொண்டே போகும், ஒரு இடத்தில் நிற்கும். "என் புதுநன்மை. இந்தா, இந்தக் கப்பல்ல." இன்னும் கொஞ்சம் நகர்ந்து, "நான் எட்டாவதுல பெயிலானது. அப்பவும் இல்ல, தப்பிச்சேன்." தம்பி ஒருவன் டைபாய்டில் செத்தது, அப்போதும் கடல். "என் கல்யாணம்" என்று ஒரு இடைவெளியைக் காட்டினாள். இறங்கியதற்கும் மறுபடி ஏறியதற்கும் நடுவே ஒரு மாதம்கூட இல்லை, பம்பாய் போய்வருகிற நாளைக் கழித்தால் மூன்று வாரம். நான் பிறந்தபோது அவர் இந்துமாக்கடலில் எங்கேயோ இருந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேனாவும் தாளுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டினோம். முப்பத்தொரு வருஷத்தில் இருபத்திரண்டு வருஷமும் சில மாதங்களும் தண்ணீரில். அம்மா கணக்கை இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதேதான் வந்தது.

பின்னால் வேலை விஷயமாகப் பம்பாய் போனபோது மஸ்ஜித் பந்தர் பக்கம் இருக்கிற இந்திய மாலுமிகள் இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். இரண்டு போர்களிலும் கடலோடு போனவர்களின் நினைவிடம் அங்கே இருக்கிறது. இரண்டாம் போரில் செத்த இந்திய வணிகக் கப்பல்காரர்கள் மட்டும் 6000 பேருக்கு மேல், அதில் பலர் தாத்தா மாதிரி வயிற்றுக்குள் இருந்தவர்களாக இருப்பார்கள். அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும்போது அவரும் இந்த வாசலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் எழுப்பிவிட்டார்.

ஆச்சி அவருக்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாள். ஒரு விடுமுறைக்குப் போயிருந்தபோது மச்சில் கிடந்த நாள்காட்டிக் கட்டுகளை இறக்கிப் புரட்டிக்கொண்டிருந்தேன். காற்று வாடை. தண்ணீர் இல்லை. கல் 5. காற்று கச்சான். தண்ணீர் வந்தது. கல் 8. கடைசி வருஷங்களில் பென்சில் நடுங்கியிருந்தது, ஆனால் ஒரு நாள் விட்டுப்போகவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அடுக்களைக்குப் போய், "ஆச்சி, தொண்ணூறுக்கு அப்புறமெல்லாம் கடையில பாக்கெட் பருப்புதானே வாங்கினோம்? அதுல ஏது இவ்வளவு கல்லு?" என்று கேட்டேன்.

ஆச்சி மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "புறவாசல்ல கல்லுக்கா பஞ்சம்" என்றாள். ராத்திரி படுக்கப் போகுமுன் பொறுக்கிக் கழுவிப் பருப்புக்குள் போட்டு வைப்பாளாம். "விடிய மூணரைக்கு எந்திரிச்சு அவுக என்ன செய்வாக, சொல்லு."

தாத்தாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமலா? நான் எண்ணித்தான் போடுவேன்" என்றாள். மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் சுரண்ட ஆரம்பித்தாள். "அஞ்சு போட்டா ஆறு எடுப்பாக."